எது முந்துகிறதோ அது!

வடசேரியில் எங்கள் தெருவிலும் அதை ஒட்டிய இரண்டு தெருக்களிலுமாக மொத்தம் பதினோரு கார்கள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. கனகமூலம் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போகிற வழியில் எண்ணிப் பார்த்தேன். வேலையற்றவன் என்று நினைக்காதீர்கள். கத்தரிக்காய் விலையை நினைத்துக்கொண்டே நடப்பதற்குக் காரை எண்ணிக்கொண்டே நடப்பது தேவலாம்.

தூங்கும் காரைக் கண்டுபிடிப்பது சுலபம். வெள்ளி நிறத்தில் ஒரு போர்வை போர்த்தியிருக்கும். போர்வைக்கு மேல் மாவிலைச் சருகு. சருகுக்கு மேல் ஒரு பூனை. டயருக்குப் பக்கத்தில் புல் முளைத்திருக்கும். சில வீடுகளில் கொடி உலர்த்த இடம் போதாமல் காரின் மேல் வற்றலும் காய்வதுண்டு.

இந்தக் கார்களின் சரித்திரம் அநேகமாக ஒன்றுதான். மகன் மஸ்கட்டிலோ துபாயிலோ டொரன்டோவிலோ இருப்பான். வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும். "ஆத்திர அவசரத்துக்கு ஒரு வண்டி கிடக்கட்டும்" என்று வாங்கிக் கொடுத்திருப்பான். அந்தக் 'கிடக்கட்டும்' என்ற சொல்லைக் கார் வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டது. கிடக்கிறது!

வருஷத்தில் எத்தனை நாள் வெளியே வரும்? இரண்டு கல்யாணம், ஒரு பல் டாக்டர், சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டம், மகன் லீவில் வந்தால் ஒரு பதினைந்து நாள். அவ்வளவுதான். 'கொஞ்சம்தானே ஓடுது, அதனால புதுசு மாதிரியே இருக்கும்' என்பது எல்லார் வீட்டிலும் ஒரு நம்பிக்கை. நாலு சுவருக்குள் பத்திரமாக இருக்கிற கார் கெட்டுப்போக என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. எங்கள் அடுத்த வீட்டு ஹெட்மாஸ்டர் சார் புண்ணியத்தில் இதையெல்லாம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன்.

* * *

சார் ரிடையராகிப் பல வருஷம் ஆகிறது. வயது எழுபத்துநாலு. முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். 2016-ல் மகன் வாங்கிக் கொடுத்த சின்ன பெட்ரோல் கார் வீட்டில் நிற்கிறது. மீட்டரில் 9,400 கிலோமீட்டர்.

"ஆயில் மாத்தியாச்சா சார்?" என்று யாரோ ஒருநாள் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் தெருவில் பிரசித்தம்.

"பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கான். ஃப்ரீ சர்வீஸ்ல மாத்தினான். பொறவு கொரோனாவுக்கு முந்தி ஒருக்கா மாத்தினேன். அதுக்கு அப்புறம் ஓடினது ரெண்டாயிரத்துச் சொச்சம். இன்னும் ஏழாயிரத்துச் சொச்சம் பாக்கி கெடக்கு தம்பி. இப்ப போற வேகத்துல அடுத்த ஆயில் என் பேரன் மாத்துவான்."

கணக்கில் தப்பே இல்லை. கேள்வியைத்தான் பாதியோடு நிறுத்திவிட்டார். இன்று ஓடும் பல பெட்ரோல் கார்களின் கையேட்டில் அந்த வரி இப்படி முடியும்: '10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது.' முப்பது வருஷமாகப் பிள்ளைகளிடம் "கேள்விய முழுசா படிடே" என்று பிரம்பைத் தட்டியவர்!

நம்மில் பாதிப்பேர் இப்படித்தான். கிலோமீட்டர் கண்ணில் படுகிறது, மாதம் படுவதில்லை. காரணம் எளிது. கிலோமீட்டரைக் காட்ட காரில் மீட்டர் இருக்கிறது. மாதத்தைக் காட்டும் காலண்டர் அடுக்களையில் தொங்குகிறது.

* * *

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. நல்ல மழை. ஒன்றரை மணி இருக்கும். சாரின் மனைவிக்கு நெஞ்சில் ஒரு பாரம், வியர்வை. அக்கா லேசில் எதையும் சொல்லுகிற ஆள் இல்லை. சொன்னால் விஷயம் உண்டு என்று அர்த்தம்.

சார் சாவியை எடுத்துக்கொண்டு போர்வையை விலக்கினார். ரிமோட்டை அமுக்கினார், கார் கண்ணைச் சிமிட்டவில்லை. சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து திருப்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினார். அதுவும் இல்லை. நானும் எதிர்வீட்டுப் பையனும் ஓடிப்போய்த் தள்ளிப் பார்த்தோம். நின்ற இடத்திலேயே ஹேண்ட் பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் அசைய மறுத்தது. மழையில் மூன்று ஆண்கள் ஒரு காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அக்கா திண்ணையில் உட்கார்ந்து, "அதை விடுங்க, வேற வல்லதும் பாருங்க" என்று அமைதியாகச் சொன்னார். எதிர்வீட்டுப் பையன்தான் 108-ஐக் கூப்பிட்டான். வண்டி வந்தது. சிகிச்சை நடந்தது. அக்கா நன்றாக இருக்கிறார், கவலை வேண்டாம்.

ஆனால் காரோடு போராடியதில் இருபது நிமிஷம் போயிருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் சார் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"இந்த வண்டிய அவளுக்காகத்தான் வாங்கிப் போட்டது தம்பி."

(இங்கே ஒரு வார்த்தை: நெஞ்சுவலி என்றால் கார் நன்றாக ஓடினாலும் முதலில் 108-தான். அதில் ஆக்சிஜன் உண்டு, தெரிந்த ஆள் உண்டு. ராத்திரி ஒன்றரை மணிக்குப் பதறிப்போன எழுபத்துநாலு வயதுக்காரர் ஓட்டுகிற கார் இரண்டாவது நோயாளியை உண்டாக்கலாம்.)

* * *

அக்கா வீடு திரும்பிய பிறகு பார்வதிபுரத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஐம்பது வயது, கையில் கரி, வாயில் வெற்றிலை. பானெட்டைத் தூக்கினார். முதலில் ஒரு எலிக்கூடு. தேங்காய் நார், பழைய துணி, சாரின் பென்ஷன் காகிதம் ஒன்றின் மூலை, எல்லாம் சேர்த்து நேர்த்தியாகக் கட்டியிருந்தது. பிறகு என்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதன் அடிப்பக்கத்தை சாரிடம் காட்டினார். வெளிர் மஞ்சளாக, கொழகொழவென்று.

"பாத்தியளா சார்? உள்ள வெண்ணெய் கடைஞ்சு வச்சிருக்கியளே!"

அந்த வெண்ணெய் எப்படி வந்தது என்பதுதான் சங்கதியே.

பெட்ரோல் எரிந்தால் புகை வரும் என்று நமக்குத் தெரியும். தண்ணீரும் வரும் என்பது பலருக்குத் தெரியாது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர்! பெரும்பகுதி ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும். காலையில் சைலன்சரில் சொட்டுகிறதே, அது இதுதான். ஆனால் ஒரு சிறு பங்கு பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியாகக் கீழே, ஆயில் இருக்கும் தொட்டிக்குள் இறங்கிவிடுகிறது. கூடவே எரியாத பெட்ரோலும் கொஞ்சம்.

என்ஜின் நன்றாகச் சூடாகி அரைமணி ஓடினால் இந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேறிவிடும். சூடாகவில்லை என்றால் அங்கேயே தங்கி ஆயிலோடு கலந்து வெண்ணெயாகும். மூடியில் வெண்ணெய் இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு வியாதி. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். உடனே காட்ட வேண்டும். சாருக்கு அது இல்லை.

வெறும் தண்ணீர் என்றால்கூடப் பொறுக்கலாம். எரியும்போது உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடும் மிச்சமிருக்கும் கந்தகமும் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகின்றன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபிறகு பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 10 பங்காகக் குறைந்துவிட்டது. ஆனாலும் அமிலம் முழுக்க ஒழியவில்லை. இதைச் சமாளிக்கவே ஆயிலில் காரத்தன்மையுள்ள ஒரு மருந்து கலந்திருக்கிறார்கள். நம் வயிற்றுக்கு ஜெலுசில் மாதிரி. ஆயில் நின்றுகொண்டே இருந்தாலும், அவ்வப்போது அரைகுறையாக என்ஜின் ஓடினால் அந்த மருந்து தீர்ந்துகொண்டே போகும். தீர்ந்த பிறகு அமிலம் பேரிங்கைத் தொட ஆரம்பிக்கும்.

ஆகவே 'ஓடாத வண்டிக்கு ஆயில் எதுக்கு?' என்பது தப்பான கேள்வி. தினம் நாற்பது கிலோமீட்டர் ஓடும் டாக்ஸியின் ஆயிலைவிட, வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் உறுமிவிட்டு நிற்கும் காரின் ஆயிலுக்குத்தான் சங்கடம் அதிகம்.

* * *

அந்த ஐந்து நிமிஷம்! அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் தெருவில் ஒரு கச்சேரி நடக்கும். அப்பாக்கள் ஒவ்வொருவராக வந்து காரை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிஷம் உறுமவிட்டு, திருப்தியாக அணைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போவார்கள். மகனிடம் போனில், "வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டேன் மக்களே" என்று சொல்வதில் ஒரு கடமை முடிந்த சந்தோஷம். மகனைக் கொஞ்ச முடியாத தூரம். அவன் வாங்கிக் கொடுத்த வண்டியையாவது தடவிக் கொடுக்கலாமே. எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் காருக்கு இது நன்மை இல்லை. ஐந்து நிமிஷத்தில் முள் மேலே வந்துவிட்டது என்று நாம் பார்ப்பது கூலன்டின் சூட்டை. ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடாகும். தண்ணீரை உண்டாக்க ஐந்து நிமிஷம் போதும். விரட்ட அரைமணி வேண்டும். ஞாயிறுதோறும் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டு வருகிறோம், அவ்வளவுதான்.

பாட்டரிக்காவது லாபம் உண்டா? கணக்குப் போடுவோம். நிற்கிற காரிலும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் என்று சில சாமான்கள் ரகசியமாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். ஒரு வாரத்தில் எட்டுக்கு மேல் செலவு. ஐந்து நிமிஷ உறுமலில் வரவு ஒன்றோ இரண்டோ. சின்னக் காரின் பாட்டரி சுமார் 35 ஆம்பியர்-அவர். ஒரு மாசத்தில் காலி. அதற்கு முன்பே, பாதி குறைந்தபோதே ஸ்டார்ட்டர் 'டிக்' என்று கைவிரித்துவிடும். பென்ஷனில் குடித்தனம் நடத்தும் சாருக்கு இந்த வரவு செலவு உடனே புரிந்தது.

இன்னொன்று. மூடிய ஷெட்டுக்குள் வைத்து என்ஜினை ஓடவிடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயக்கம் வருகிறது என்று தெரிவதற்குள் மயங்கிவிடுவோம்.

வேறு என்ன செய்ய? மெக்கானிக் சொன்ன வைத்தியம் சுலபம். "ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வெளிய கொண்டு போங்க சார். தோவாளை பூச்சந்தை தாண்டி ஆரல்வாய்மொழி வர போய், ஒரு சாயா குடிச்சிட்டுத் திரும்புங்க. முப்பது கிலோமீட்டர் ஓடும். பாட்டரியும் ஏறும், ஆயிலும் காயும், பிரேக்கும் இளகும், உங்களுக்கும் காத்து வாங்கினது மாதிரி இருக்கும்."

இதைவிட இனிமையான மருந்துச் சீட்டை எந்த டாக்டரும் எழுதியதில்லை.

* * *

'ஓட்டவே மாட்டேன், பத்திரமாகப் பூட்டி வைக்கிறேன்' என்று நினைப்பவர்களுக்கு ஒரு அமெரிக்கக் கதை. நிஜக் கதை.

ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்றொரு ஊர். 1957 ஜூன் 15-ம் தேதி, மாநிலம் உருவான ஐம்பதாம் ஆண்டு விழாவில், ஒரு புத்தம்புதிய பிளிமத் பெல்வடீர் காரைக் கோர்ட் வளாகத்துப் புல்வெளிக்குக் கீழே கான்கிரீட் அறை கட்டிப் புதைத்தார்கள். ஐம்பது வருஷம் கழித்துத் தோண்டுவது, 2007-ல் ஊரின் ஜனத்தொகை எவ்வளவு இருக்கும் என்று சரியாக ஊகித்தவருக்குக் காரைப் பரிசாகத் தருவது என்று ஏற்பாடு. அணுகுண்டு விழுந்தாலும் தாங்கும் அறை என்று பெருமை வேறு. 2007-ல் பெட்ரோலே வழக்கொழிந்து போயிருந்தால் என்ன செய்வது என்று யோசித்து, பெட்ரோலும் ஆயிலும்கூட உள்ளே வைத்தார்கள்!

2007 ஜூனில் திறந்தார்கள். அறைக்குள் தண்ணீர் புகுந்து எப்போதோ காரை முழுக வைத்திருந்தது. வெளியே வந்தது துருவும் சேறும் பூசிய ஒரு உருவம். என்ஜினை எழுப்ப வழியில்லை. பரிசு பெற்றவரோ 1979-லேயே காலமாகிவிட்டார். கார் அவருடைய சகோதரிகளுக்குப் போனது.

ஓக்லஹோமாவிலேயே அந்தக் கதி என்றால் நம் ஜில்லாவைச் சொல்ல வேண்டுமா? தென்மேற்கு மழையும் நமக்குத்தான், வடகிழக்கு மழையும் நமக்குத்தான். போதாததற்குக் கூப்பிடு தூரத்தில் கடல், காற்றிலேயே உப்பு. இரும்பைத் துருப்பிடிக்க வைப்பதற்கென்றே கடவுள் ஒரு ஜில்லா படைத்தார் என்றால் அது கன்னியாகுமரிதான்.

* * *

சாரின் கார் மீண்டு எழுந்த கதையிலிருந்து சில விஷயங்களைத் தெருவுக்குப் பொதுவாக எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் தெருவுக்கும் உதவலாம்.

ஆயில்: வருஷத்துக்கு ஒருமுறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும். கூடவே ஃபில்டரும். என்ஜின் கொஞ்சம் சூடாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து இறங்கும். சின்னக் காருக்கு மூன்று லிட்டருக்கு முன்பின் பிடிக்கும். குச்சியில் இரண்டு கோட்டுக்கு நடுவே நிற்க வேண்டும். 'ஒரு கை கூடுதல் ஊத்துங்க' என்பதெல்லாம் சாம்பாருக்குத்தான். ஆயில் மிஞ்சினாலும் கெடுதல். டின்னில் 5டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். அந்த டபிள்யூ 'விண்டர்', அதாவது குளிர்காலம். குளிர்ந்த என்ஜினில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிற எண் அது. வடசேரியில் விண்டர் என்பது மார்கழி காலையில் மப்ளர் கட்டுவதோடு சரி. ஆனாலும் கையேடு எந்த எண்ணைச் சொல்கிறதோ அதையே ஊற்றுங்கள். கடைக்காரர் சொல்வதையோ மச்சினர் சொல்வதையோ அல்ல.

லீவில் வரும் மகன்களுக்கு: காரை மாசக்கணக்கில் நிறுத்திவிட்டுப் போகிறீர்களா? ஆயிலைப் போவதற்கு முன்பு மாற்றுங்கள். 'அடுத்த லீவில் வந்து மாத்திக்கலாம்' என்றால், பழைய ஆயிலில் உள்ள அமிலமும் தண்ணீரும் அத்தனை மாசமும் பேரிங்கோடு குடித்தனம் நடத்தும். சாப்பிட்ட இலையை எடுத்துவிட்டுத் தூங்குவதா, இலையோடு தூங்குவதா?

பாட்டரி: ஒரு மாசத்துக்கு மேல் நிறுத்துவதானால் நெகடிவ் வயரைக் கழற்றி வையுங்கள். கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில். நிறைந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்கு வந்துவிட்டால் அநேகமாகக் காலி. காலியாகவே கிடந்தால் உள்ளே தகடுகளில் கந்தக உப்பு படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது.

பெட்ரோல்: இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். காற்றிலுள்ள ஈரத்தைக்கூட இழுக்கும். டாங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே ஈரக் காற்றுக்கு இடம் கிடைக்கும். நிறுத்துமுன் நிரப்பிவிடுங்கள். பழைய கார் என்றால் ரப்பர் குழாய்களை மெக்கானிக்கிடம் வருஷம் ஒருமுறை காட்டுங்கள். ஆறு மாசப் பழைய பெட்ரோலை வைத்துக்கொண்டு, 'ஏன் இழுக்கல்ல?' என்று காரைக் கோபிக்காதீர்கள்.

பிரேக்: நீண்ட நாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள்; ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு கட்டையோ செங்கல்லோ வைத்தால் போதும். பிரேக் எண்ணெயும் ஈரத்தை உறிஞ்சும் ஜாதி. டாட் 4 எண்ணெய் புதிதில் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு அதற்கான அளவு 155 டிகிரி. பேச்சிப்பாறை அணையையெல்லாம் பார்த்துவிட்டு மலைப்பாதையில் இறங்கும்போது இந்த வித்தியாசம் தெரியவரும். தெரியவராமல் இருப்பது நல்லது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

டயர்: 'ஓடவே இல்ல, பட்டன் அப்படியே இருக்கு' என்று மகிழ வேண்டாம். ரப்பருக்கும் வயசாகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3216 என்றால் 2016-ம் வருஷம் 32-வது வாரம் பிறந்தது. ஆறு வருஷம் தாண்டினால் விரிசல் உண்டா என்று பார்க்க ஆரம்பியுங்கள். பத்து தாண்டினால் பார்க்கவே வேண்டாம், மாற்றுங்கள். நிற்கும் கார் மாசம் ஒருமுறை ஓரடியாவது நகர்ந்தால் டயர் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகாது.

போர்வை: பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம். உள்ளே ஈரம் வியர்த்து, வெளியே போக வழியில்லாமல் காரிலேயே தங்கும். காற்றுப் போகும் துணிப் போர்வைதான் நல்லது. மழை ஓய்ந்து வெயில் அடிக்கும்போது அதைக் கழற்றிக் காயவிடுங்கள். தென்னைமரத்தடியில் நிறுத்தாதீர்கள். தேங்காய்க்குக் கண் உண்டு, மனுஷன் தலையில் விழாது என்று பாட்டி சொல்வாள். கார் கண்ணாடிக்கு அந்தச் சலுகை இல்லை.

எலி: காருக்குள் முறுக்குத் தூள், கடலைத் தோல் இல்லாமல் துடையுங்கள். பக்கத்தில் நெல்மூட்டையோ தேங்காய்க் குவியலோ வேண்டாம். வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து வெளிச்சம் காட்டுங்கள். எலிக்கு வேண்டியது இருட்டும் அமைதியும்தான். வயர் கடிபட்டிருந்தால் ஸ்டார்ட் செய்யுமுன் சரிசெய்துவிடுங்கள்; தீப்பிடிக்கும் அபாயம் அதில்தான்.

வடித்த பழைய ஆயில்: இதை ஓடையில் ஊற்றிவிட்டு வருகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சட்டப்படி அது அபாயகரமான கழிவு. நம் ஓடையெல்லாம் எங்கே போகிறது? குளத்துக்கும் பழையாற்றுக்கும். அந்தத் தண்ணீரில்தான் கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைய வேண்டும். ஒரு கேனில் பிடித்து, முறையாக எடுத்துக்கொள்ளும் ஒர்க்ஷாப்பில் கொடுங்கள்.

* * *

இதெல்லாம் புதுசா என்றால் இல்லை. எங்கள் தாத்தா காலத்தில் மாட்டுவண்டி அச்சுக்கு மை போடுவார்கள். வைக்கோல் சாம்பலையும் விளக்கெண்ணெயையும் குழைத்தது. வண்டி ஓடியதா, சும்மா கிடந்ததா என்று யாரும் கேட்டதில்லை. சுசீந்திரத்தின் மார்கழித் தேர் வருஷத்தில் ஒருநாள் ஓடுகிறது. 'ஒருநாள்தானே' என்று அச்சைப் பார்க்காமல் வடத்தைத் தொடுவார்களா? ஓடாத வண்டியைக் கூடுதலாகக் கவனிக்கத் தெரிந்த ஊர்தான் இது. மோட்டார் வந்தபிறகு மறந்துவிட்டோம்.

ஒரு நியாயமான கேள்வியும் உண்டு. இத்தனை தொல்லைக்கு இந்தக் கார் வேண்டுமா? இன்ஷூரன்ஸ் வருஷாவருஷம் கட்ட வேண்டும், ஓடினாலும் ஓடாவிட்டாலும். பதினைந்து வருஷம் ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. இதையெல்லாம் கூட்டிப் பார்த்து, டாக்ஸி வாடகையோடு ஒப்பிடுங்கள். வருஷத்தில் பத்து நாள்தான் வெளியே வருகிறது என்றால் விற்றுவிடுவதில் வெட்கம் இல்லை. தெரிந்த டாக்ஸிக்காரர் இருவரின் நம்பரை ஃபிரிட்ஜில் ஒட்டி வைப்பது, எழும்பாத சொந்தக் காரைவிட ஆயிரம் மடங்கு மேல். வைத்துக்கொள்வதானால் ஓட்டுங்கள். இரண்டும் இல்லாமல் 'கிடக்கட்டும்' என்று விடுவதுதான் ஆபத்து. கெட்டுப்போன கார்கூட அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. கெட்டுப்போனது தெரியாமல் அதை நம்பிப் படுக்கிறோமே, அதுதான் ஆபத்து.

ஹெட்மாஸ்டர் சார் விற்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆரல்வாய்மொழிச் சாயா நடக்கிறது. திரும்பும்போது தோவாளையில் பிச்சிப்பூ. போன தடவை அக்கா முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டே கேட்டாராம்:

"கூடுதல் ஓடாத வண்டிக்கே வருஷத்துக்கு ஒருக்கா எல்லாம் பாக்கணும்னு சொல்லுகியளே. நானும் வீட்டுக்குள்ளதான கெடக்கேன். என் ரத்தத்த கடைசியா எப்ப பாத்தது?"

சாருக்குப் பதில் தெரியவில்லை. கொரோனாவுக்கு முந்தி இருக்கலாம் என்றார். இப்போது அடுக்களைக் காலண்டரில் இரண்டு சிவப்பு வட்டம்: ஒன்று ஆயிலுக்கு, ஒன்று அக்காவுக்கு.

நீங்கள் உடனே செய்யக்கூடிய ஒரு காரியம் சொல்கிறேன். போர்வையை விலக்கிக் கதவைத் திறந்து, டாஷ்போர்டு பெட்டிக்குள் கையை விடுங்கள். கையேடு இருக்கும். அநேகமாகப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரித்திருக்க மாட்டீர்கள். ஆயில் மாற்றும் பக்கத்தை எடுத்து அந்த வரியைப் படியுங்கள். 'அல்லது' என்ற சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்கு அப்புறம்தான் விஷயமே இருக்கிறது.